வறுத்த ஊலாங்: மூன்றாவது கோப்பை வரை பொறுங்கள்!

நமக்கு டீ என்றால் பாலும் சர்க்கரையும் சேர்ந்ததுதான். அதனால், ஊலாங் டீயை முதன்முதலாகக் குடிக்கிறவர்களில் பலர் "வெந்நீர் மாதிரி இருக்கே!" என்று கோப்பையைத் தள்ளி வைத்துவிடுகிறார்கள். விலையோ சாதாரணத் தேயிலையைவிடப் பல மடங்கு. காசு கொடுத்து வாங்கியதை ருசி தெரியாமல் விடலாமா?

இந்த வாரம் நம் கோப்பையில் 'டோங்டிங்' ஊலாங். தைவானின் நான்டோ மாவட்டத்தில் இருக்கும் லூகு என்ற மலைப்பகுதிதான் இதன் சொந்த ஊர். டோங்டிங் என்றால் 'உறைந்த சிகரம்'. 1855-ல் லின் ஃபெங்சி என்பவர் சீனாவின் வூயி மலையிலிருந்து 36 தேயிலைக் கன்றுகள் கொண்டுவந்தார் என்று ஒரு கதையும் அங்கே உலவுகிறது.

அப்படி என்ன ஸ்பெஷல்?

கிரீன் டீக்கும் பிளாக் டீக்கும் நடுவில் இருப்பது ஊலாங். பறித்த இலையை வாட்டி, குலுக்குவார்கள். ஓரங்கள் கசங்கி, காற்றுபட்டு இலை மெதுவாக மாறும். பாதி வழியிலேயே சூடுகாட்டி அதை நிறுத்திவிடுவார்கள். பிறகு துணியில் இறுக்கிக் கட்டி உருட்ட, இலை மிளகை விடக் கொஞ்சம் பெரிய உருண்டையாகச் சுருண்டுவிடும்.

கடைசி வேலைதான் வறுப்பது. மிதமான சூட்டில், மணிக்கணக்கில், இடையிடையே ஆறவிட்டு வறுக்க வேண்டும். ரவை வறுப்பது போலத்தான். அவசரப்பட்டால் வெளியே கருகி, உள்ளே பச்சை வாசனை நிற்கும்.

எப்படிச் சுவைப்பது?

பெரிய மக் வேண்டாம். மூடி போட்ட சின்னக் கிண்ணமும் டீ வடிகட்டியும் போதும். கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிக் கொட்டிவிட்டு, அந்தச் சூட்டிலேயே 5 கிராம் இலையைப் போட்டு முகர்ந்து பாருங்கள். வறுத்த வேர்க்கடலை, வெல்லப்பாகு ஞாபகம் வரலாம்.

நன்றாகக் கொதித்த தண்ணீர் சுமார் 100 மில்லி ஊற்றி, ஒரு நிமிடத்துக்குள் முழுவதையும் வடித்துவிடுங்கள். தேன் நிறத்தில் இறங்கும். சத்தம் வருகிற மாதிரி உறிஞ்சிக் குடியுங்கள், தப்பில்லை. காற்றோடு சேரும்போதுதான் வாசனை மூக்குக்கு ஏறும்.

அதே இலையில் மறுபடி தண்ணீர் ஊற்றுங்கள். முதல் கோப்பையில் நெருப்பின் வாசனை முன்னால் நிற்கும். உருண்டை விரிய விரிய, இரண்டாவது மூன்றாவதில் இலையின் சொந்தச் சுவை வெளியே வரும். விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்ல ஓர் இனிப்பு எழும். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் வருமே, அந்த ரகம். சீனர்கள் இதை 'ஹுய் கான்', திரும்பி வரும் இனிப்பு என்கிறார்கள். நல்ல இலை நாலைந்து முறை தாங்கும்.

ஏமாறாமல் இருக்க...

வறுப்பது ருசியைக் கூட்டும். மட்டமான, பழைய இலையின் குறையையும் மறைக்கும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள். ஒன்று, டீயை ஆறவிட்டுக் குடியுங்கள். கரிச் சுவையும் கசப்பும் மட்டுமே மிஞ்சினால் சரக்கில் கோளாறு. இரண்டு, ஊறிய இலையைப் பிரித்துப் பாருங்கள். நல்ல இலை மெத்தென்று விரியும். கருத்து, விறைத்து, விரியாமலே கிடந்தால் வறுத்தவர் தீயை அதிகம் வைத்துவிட்டார் என்று அர்த்தம்.

'குடித்தால் உடம்பு இளைக்கும்' என்று யாராவது விற்றால் அதை நம்பி வாங்காதீர்கள். வறுத்தாலும் இதில் காஃபின் உண்டு. தூக்கம் வராதவர்களுக்கு இரவில் வேண்டாம். டீ இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும் என்பதால், ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம்.

லூகு விவசாயிகள் சங்கம் 1976 முதல் தேயிலைப் போட்டி நடத்திவருகிறது. பின்னாளில் பச்சை மணம் வீசும், லேசாக வறுத்த உயர்மலை ஊலாங் பக்கம் மக்களின் ருசி சாய்ந்துவிட்டது. பொறுமையாக வறுக்கும் கைப்பக்குவம் நிலைக்க வேண்டுமானால், பொறுமையாகக் குடிக்கும் நாக்குகளும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் 20 நிமிடம், போனைத் தள்ளி வைத்துவிட்டு முயற்சி செய்து பாருங்களேன்!