குந்தவை அப்படிப் பேச மாட்டாள்!

காக்களூர் சிட்கோ எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்துத் திரும்புகிற பெண்கள், புட்லூரிலோ திருவள்ளூரிலோ லோக்கல் பிடித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்கள்... இவர்கள் போனில் என்ன ஓடுகிறது என்று கேட்டால் 'ரீல்ஸ்' என்றுதான் யாரும் சொல்வார்கள். எல்லாப் போனிலும் இல்லை. சிலருடைய போனில் கதை ஓடுகிறது. அதுவும் காதல் கதை. அதிலும் முன்பே நன்றாகத் தெரிந்த ஆட்களின் காதல் கதை. பக்கத்து சீட்டில் இருப்பவர் எட்டிப் பார்த்தால் திரை சட்டென்று அணையும்.

இதற்குப் பெயர் ஃபேன் ஃபிக்‌ஷன். ஒரு நாவலையோ படத்தையோ எடுத்துக்கொண்டு, அதில் வரும் மனிதர்களை வைத்து ரசிகர்களே எழுதும் புதுக்கதை. தமிழில் இதற்கு அதிகம் மாட்டிக்கொண்டது கல்கியின் 'பொன்னியின் செல்வன்'தான். 2022லும் 2023லும் மணிரத்னம் படம் இரண்டு பாகமாக வந்த பிறகு கேட்கவே வேண்டாம். வாட்பேடில் தேடினால் கரிகாலன் நந்தினி, குந்தவை வந்தியத்தேவன், அருள்மொழி வானதி என்று கதைகள் வந்து விழும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், தமிழில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். (இரண்டையும் கலந்து கட்டி அடிப்பவர்களும் உண்டு. குந்தவை 'ஓகே அக்கன்' என்கிற அளவுக்கு!)

இதைப் படிப்பவர்கள் ஏன் திரையை அணைக்கிறார்கள்? அங்கேதான் கொஞ்சம் கோபம் வருகிறது.

சாண்டில்யனின் 'கடல் புறா'வும் 'யவன ராணி'யும் குமுதத்தில் தொடராக வந்தவை. அவற்றில் சிருங்காரம் எவ்வளவு என்பது படித்தவர்களுக்குத் தெரியும். கதாநாயகியை வர்ணிக்க ஆரம்பித்தால் போர் தானாகக் காத்திருக்கும். அதை வாரா வாரம் ஆவலோடு படித்த அப்பாக்கள், தாத்தாக்கள் அதைச் 'சரித்திர நாவல்' என்று தலை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டார்கள். பைண்டு செய்து அலமாரியில் முன்வரிசையில் வைத்தார்கள். அதே வீட்டில் அம்மா ரமணிசந்திரன் படித்தால் 'வேற வேலை இல்ல'. மகள் ஃபேன் ஃபிக்‌ஷன் படித்தால் 'இதெல்லாம் ஒரு படிப்பா?' ஆண்கள் படித்தால் இலக்கியம், பெண்கள் படித்தால் பொழுதுபோக்கு. இந்தக் கணக்கை யார் போட்டது என்று தெரியவில்லை, ஆனால் பல வீடுகளில் இன்னும் அமலில் இருக்கிறது.

'அடுத்தவன் பாத்திரத்தை எடுத்து எழுதுவது ஒரு எழுத்தா?' என்று கேட்பவர்களுக்குக் கம்பரைக் காட்ட வேண்டும். வால்மீகியில் ராமனும் சீதையும் வில் ஒடிவதற்கு முன்பு பார்த்துக்கொள்ளவே இல்லை. விசுவாமித்திரரோடு வந்தான், வில்லை ஒடித்தான், மணம் நடந்தது. கம்பருக்கு இது போதவில்லை. மிதிலை வீதியில் நடந்துபோகும் ராமனும் கன்னிமாடத்தில் நிற்கும் சீதையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் காட்சியை அவர்தான் சேர்த்தார். அன்றிரவு இரண்டு பேருக்கும் தூக்கம் இல்லை. மறுநாள் வில் ஒடிந்துவிட்டது என்று தோழி நீலமாலை ஓடி வந்து சொல்லும்போது, ஒடித்தவன் நேற்றுப் பார்த்த அவன்தானா என்று சீதை தவிக்கிறாள். கதையில் ஒரு முடிச்சுகூட மாறவில்லை. வில் அதே வில், கல்யாணம் அதே கல்யாணம். ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு ஒரு தவிப்பு வந்துவிட்டது. மூலக்கதையில் ஒரு இடைவெளி இருந்தது, கம்பர் அதற்குள் புகுந்துவிட்டார்.

இது கம்பருக்கு இணையாக போனில் எழுதுகிறவர்களை உட்கார வைக்கும் முயற்சி இல்லை, பயப்பட வேண்டாம் :) ஆசை ஒன்றுதான் என்று சொல்ல வந்தது, அவ்வளவே. அமெரிக்காவில் 'ஸ்டார் ட்ரெக்' ரசிகைகள் 1967லேயே ரோனியோ எடுத்து இதழ் போட்டார்கள். ரசிகர் கதைகளைச் சேர்த்து வைக்கும் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' 2019ல் ஹியூகோ விருதே வாங்கிவிட்டது. நம் ஊரில்தான் இன்னும் திரையை அணைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, ரசனை விஷயத்துக்கு வருவோம்.

கல்கி 1950ல் ஆரம்பித்து 1954 வரை தொடராக எழுதினார். முடித்தபோது வாசகர்கள் சும்மா விடவில்லை. இவருக்கு என்ன ஆயிற்று, அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுத் துளைத்தார்கள். கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டி வந்தது. ஐந்து பாகம் படித்த பிறகும் குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் நடந்த கல்யாணத்தைக் கண்ணால் பார்க்க முடியவில்லை என்றால் வாசகர் என்ன செய்வார்? வல்லவரையர் வந்தியத்தேவர் குந்தவையின் கணவர் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. கல்வெட்டில் இருக்கிறது, நாவலில் இல்லை! அமுதசுரபி ஆசிரியர் விக்கிரமன் தொடர்ச்சியாக 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். ஆக, இந்த வேலை போன் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது.

யாருக்கு எந்த ஜோடி பிடிக்கும் என்பதில்தான் சுவாரசியம். கரிகாலன் நந்தினி கட்சிக்காரர்கள் ஒரு தனி ரகம். அவர்களுக்குச் சோகம் வேண்டும். பழையாறையில் சின்ன வயதில் பழகியது, பிறகு வீரபாண்டியனைக் கொல்ல வேண்டாம் என்று அவள் கெஞ்சியும் அவன் கேட்காமல் போனது, அதன் பிறகு காஞ்சியில் அவன் தூக்கமில்லாமல் கிடந்த நாட்கள். கல்கி இதையெல்லாம் கரிகாலன் வாயால் சொல்ல வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். ரசிகர்கள் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். காக்களூர்க்காரர்களுக்கு இது ஒன்றும் தூரத்து ஊர்க் கதையும் இல்லை. அரக்கோணம் பக்கம் இருக்கிற தக்கோலத்தில்தான் 949ல் ராஜாதித்தன் யானை மேலேயே உயிரை விட்டான். அந்தத் தோல்விக்குப் பிறகு கைவிட்டுப் போன தொண்டை நாட்டைக் காக்கத்தான் நாவலின் கரிகாலன் காஞ்சியில் உட்கார்ந்திருக்கிறான். இந்த மண்ணில் நின்று யாராவது அந்தக் காஞ்சி நாட்களை எழுதினால் நன்றாக இருக்கும்.

அருள்மொழி வானதி கட்சி மென்மையான கட்சி. தீபத் தட்டைக் கீழே போட்டு மயங்கி விழுந்த பெண்ணுக்கு ஒரு நல்ல வாழ்க்கை வேண்டும் என்கிற ஆசை. குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. கொஞ்சம் சர்க்கரை ஜாஸ்தி, அவ்வளவுதான்.

குந்தவை வந்தியத்தேவன் கட்சிக்குத்தான் உண்மையான சோதனை. இதில் எழுதுவதுதான் கஷ்டம், படிக்கச் சுகமும் இதில்தான். முதல் சந்திப்பே குடந்தை சோதிடர் வீட்டுக்குள் அவன் திமுதிமுவென்று நுழைந்ததில். அடுத்தது அரிசிலாற்றங்கரையில். பெண்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு செத்த முதலைப் பொம்மை மீது வேலை எறிந்துவிட்டு அசடு வழிந்து நிற்கிறான். அவர்கள் சிரிக்கிறார்கள். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும் காதல் முழுக்கப் பேச்சில் இருக்கிறது. அவள் ஒரு கேள்வி கேட்பாள், அவன் ஒரு பொய் சொல்வான், அது பொய் என்று அவளுக்குத் தெரியும், தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.

ஆனால் ஏராளமான ரசிகர் கதைகளில் என்ன நடக்கிறது? குந்தவை ஜன்னலோரம் நின்று அழுகிறாள். 'என்னை விட்டுப் போகாதீர்கள்' என்கிறாள். சோழ சாம்ராஜ்யத்தில் எந்த மூலையில் என்ன நடந்தாலும் பழையாறையில் இருந்தபடியே தெரிந்துகொள்ளும் பெண், காதலன் இரண்டு நாள் ஓலை அனுப்பவில்லை என்று சாப்பிடாமல் கிடக்கிறாள். குந்தவை அப்படிப் பேச மாட்டாள்! அவள் ஓலை அனுப்பியிருப்பாள். ஓலை கொண்டு போகிறவன் பின்னால் இன்னொருவனையும் அனுப்பியிருப்பாள்.

காதல் ஃபேன் ஃபிக்‌ஷன் படிக்கிறவர் புது மனிதர்களைத் தேடி வரவில்லை. தெரிந்த மனிதரை, தெரியாத ஒரு சூழ்நிலையில் பார்க்க வருகிறார். அவர்களைக் காலேஜ் கேன்டீனில் உட்கார வையுங்கள், காக்களூர் ஏரிக்கரையில் நடக்க விடுங்கள், ஐ.டி. கம்பெனியில் டீம் லீடர் ஆக்குங்கள். பிரச்சினையே இல்லை. முடிவை மாற்றுங்கள், செத்தவனைப் பிழைக்க வையுங்கள். அதுவும் சரிதான். ஆனால் ஆள் மட்டும் அதே ஆளாக இருக்க வேண்டும். ஆளை மாற்றிவிட்டால் பிறகு குந்தவை என்ற பெயர் எதற்கு? 'பிரியா' என்று வைத்துவிடலாமே.

இதனால்தான் அந்த 'ஆன்டி ஹீரோ' ரகக் கதைகள் சகிக்கவில்லை. தமிழ் ஆன்லைன் நாவல்களில் இது ஒரு வியாதி மாதிரி பரவிக் கிடக்கிறது. பிடிக்காத பெண்ணுக்குக் கட்டாயமாகத் தாலி கட்டுவான், கடத்திப் போய் வீட்டில் அடைப்பான், கன்னத்தில் அறைவான். முப்பதாவது அத்தியாயத்தில் அவனுக்கு ஒரு சோகமான சின்ன வயசுக் கதை வரும், அவள் அழுதுகொண்டே மன்னித்துவிடுவாள். சுபம். 'இது எங்கள் ரசனை, உனக்கென்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. கற்பனையில் எதையும் படிக்கலாம், தடை போட யாருக்கும் உரிமை இல்லை என்பது சரி. படிக்கிறவளை எட்டிப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதையே காரணமாகப் பிடித்துக்கொள்வார்கள் என்பதும் உண்மை. ஆனால் இந்த அச்சில் அருள்மொழியையும் வந்தியத்தேவனையும் போட்டு வார்த்து எடுக்கும்போது, அதைக் காதல் கதை என்று எப்படி ஏற்பது? கிடைத்த மகுடத்தை அடுத்தவர் தலையில் வைத்துவிட்டு நகர்ந்தவன் அருள்மொழி. அவன் ஒரு பெண்ணின் கையை முறுக்கித் தாலி கட்டுவானாம். கடைசிப் பாகத்துக்குத் 'தியாகச் சிகரம்' என்று கல்கி வைத்த பெயரையாவது எழுதுகிறவர்கள் ஒரு தரம் பார்த்திருக்கலாம்.

'சந்தோஷ முடிவு வேண்டும் என்பவர்கள் பலவீனமான வாசகர்கள்' என்று ஒரு பேச்சும் இருக்கிறது. மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். கடம்பூர் சம்புவரையர் மகள், கந்தமாறன் தங்கை. அண்ணன் ஓயாமல் புகழ்ந்த நண்பனைப் பார்ப்பதற்கு முன்பே மனசில் வரித்துக்கொண்டவள். வந்தியத்தேவனுக்காகக் கொலைப்பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளத் துணிந்தவள். கடைசியில் சித்தம் கலங்கி அவன் மடியிலேயே உயிரை விடுகிறாள். ஐந்து பாகத்தையும் கல்கி அவள் சாவில்தான் முடிக்கிறார். படத்தில் அவளுக்கு இடமே இல்லை. இப்படிப்பட்ட பெண் பிழைத்து எழுந்து, ஒரு ஆளின் மீது வைத்த ஆசையைத் தாண்டி வேறொரு வாழ்க்கையைக் கண்டுபிடிப்பதாக ஒருவர் எழுதினால் அது எப்படிப் பலவீனம்? செத்துப் போனதால் உயர்ந்த காதலி என்று அவளைக் கும்பிடுவது சுலபம். பிழைக்க வைத்துவிட்டு, மறுநாள் காலை அவளை என்ன செய்யச் சொல்வது என்று யோசிப்பதுதான் சிரமம். அந்தச் சிரமத்தை எடுத்துக்கொண்ட கதைகள் எழுத்துப்பிழையோடு இருந்தாலும் படிக்கலாம்.

ஆசைகள் இவ்வளவு இருந்தும், கல்கி தானே மாலை மாற்றிவைத்த ஒரு ஜோடிக்கு மட்டும் ரசிகர் கூட்டம் குறைவு. பூங்குழலியும் சேந்தன் அமுதனும். பூங்குழலியை வைத்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவளை மறுபடி அருள்மொழி பக்கமே படகு விடச் சொல்கிறார்கள். நாவலில் அவளுக்காகவே காத்திருந்தவன் சேந்தன் அமுதன். பூத்தொடுப்பான், தேவாரம் பாடுவான், வாய் பேசாத அம்மாவைப் பார்த்துக்கொள்வான், யாரையும் அடிக்க மாட்டான். கடைசியில் அவன்தான் சோழ ராஜாவும் ஆகிறான். என்ன குறை அவனிடம்? வாள் சுழற்றத் தெரியாதாம்.