மருந்துத் துண்டு இல்லாமல் வாங்கும் தோல் களிம்புகள்

திருகோணமலை நகரிலிருந்து உப்புவெளியைக் கடந்து நிலாவெளிக்குச் செல்லும் வீதியில் சாம்பல்தீவு இருக்கின்றது. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலும் வரட்சியும் தோலை வெடிக்கச் செய்கின்றன. வாடைக் காலத்தில் உடுத்த துணி உடலிலேயே காய வேண்டிய நிலை. உவர்நீரில் நின்று தொழில் செய்பவரின் கால்களும், மீன் வெட்டுகின்ற, சவர்க்காரத்தில் துணி துவைக்கின்ற பெண்களின் கைகளும் ஆண்டு முழுவதும் ஈரத்துக்கும் உப்புக்கும் இடையில் அல்லற்படுகின்றன. எக்சிமா எனப்படும் தோல் அழற்சி உள்ள ஒருவருக்கு இத்தகைய சூழலில் ஒவ்வொரு பருவமும் ஒரு சோதனைதான். குழந்தைக்கு வந்தால் கிரந்தி என்றும், பெரியவர்களுக்கு வந்தால் கரப்பான் அல்லது சொறி என்றும் நம் மக்கள் இதனை அழைத்து வந்திருக்கின்றனர். இந்த நோயைவிட, அதற்கென வாங்கிப் பூசப்படும் களிம்பே பலருக்குப் பெருந்துன்பமாகி வருவதைப் பற்றியே நாம் இங்கு பேச விரும்புகின்றோம்.

இத்துன்பம் பெரும்பாலும் ஒரே விதமாகவே ஆரம்பமாகின்றது. இரவெல்லாம் அரிப்பினால் உறக்கமில்லை. நகரிலுள்ள வைத்தியசாலையின் தோல்நோய் கிளினிக்குக்குச் செல்வதென்றால் ஒருநாள் கூலியை இழக்க வேண்டும், பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். பாமசியில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் ஒரு சிறு குழாய் கைக்கு வந்துவிடுகின்றது. பூசிய இரண்டாம் நாளே சிவப்பு மறைந்து அரிப்பு அடங்குகின்றது. அற்புதமான மருந்து என்று அயலவருக்கும் சொல்லப்படுகின்றது. குழாய் முடிந்ததும் அரிப்பு மீண்டும் வருகின்றது, அடுத்த குழாய் வாங்கப்படுகின்றது. சில மாதங்களில் பழைய களிம்பு போதாமற்போக, அதைவிட வீரியமானது கேட்கப்படுகின்றது. அந்தக் குழாயில் இருப்பது ஸ்டெரொய்ட் என்பதையோ, அதைத் தொடர்ந்து எத்தனை நாட்கள் பூசலாம் என்பதையோ ஒருவரும் சொல்வதில்லை.

இந்த மருந்தின் மீது நமக்குப் பகையில்லை. 1952ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்களான சுல்ஸ்பேர்கரும் விற்றனும் ஹைட்ரோகோர்ட்டிசோன் களிம்பின் பயனை வெளியிட்ட வேளையில் தோல் மருத்துவமே புதியதொரு காலத்தினுள் நுழைந்தது. அதற்கு முன்னர் தார்ப்பூச்சும் கட்டுத்துணியுமே கதியாக இருந்த நோயாளிகளுக்கு அது பெரும் விடுதலை. இன்றும் எக்சிமா மூண்டெழும் நாட்களில் சரியான வீரியத்தில், சரியான அளவில், குறுகிய காலத்துக்குப் பூசப்படும் ஸ்டெரொய்ட் களிம்பே முதல்நிலை மருந்து. ஆனால் எல்லாக் களிம்பும் ஒன்றல்ல. குளோபெற்றாசோல் என்ற களிம்பின் வீரியம் ஹைட்ரோகோர்ட்டிசோனைப் போலப் பல நூறு மடங்கு. அதனை வளர்ந்தவர்கள்கூட ஒரு தொடரில் இரண்டு வாரத்துக்கு மேல் பூசலாகாது, வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டலாகாது என்பது மருத்துவ விதி. முகத்துக்கும் குழந்தையின் மென்தோலுக்கும் அது பொதுவாக உரியதே அல்ல. கடையில் வாங்குபவருக்கோ இரண்டும் வெள்ளைக் களிம்புகள்தாம்.

நீண்ட காலம் பூசிய பின்னர் நிறுத்தும்போது நேர்வதைத்தான் உலகம் இன்று ஸ்டெரொய்ட் களிம்பு விலகல் என்று அழைக்கின்றது. முன்பு நோய் இல்லாதிருந்த இடங்களும் நெருப்பாகச் சிவக்கின்றன. அரிப்பை மிஞ்சிய எரிவு உண்டாகின்றது. நீர் கசிகின்றது, செதில் செதிலாகத் தோல் உரிந்து படுக்கையில் கொட்டுகின்றது. குளிரும் நடுக்கமும் உறக்கமின்மையும் சேர்ந்துகொள்கின்றன. சிலருக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள், ஒரு சிலருக்கு ஆண்டுகள்கூட இது நீடிக்கின்றது. இதில் கொடுமை என்னவெனில், களிம்பை மீண்டும் பூசினால் சிவப்பு அடங்கிவிடும். ஆகவே பழைய நோய்தான் திரும்பிவிட்டது என்று நோயாளியும் நம்புகின்றார், சில வேளைகளில் மருத்துவரும் நம்புகின்றார்.

இது நேற்றுக் கண்டறியப்பட்ட விடயமல்ல. 1973இல் அவுஸ்திரேலிய மருத்துவ சஞ்சிகையொன்றில் இதுபற்றி எழுதப்பட்டது. 1979இல் கிளிக்மன், ஃபிரொஷ் ஆகியோர் இதற்கு ஸ்டெரொய்ட் அடிமைநிலை என்றே பெயரிட்டனர். ஆயினும் பிரித்தானியாவின் மருந்து ஒழுங்குபடுத்தும் நிறுவனம் மருத்துவர்களுக்கும் நோயாளிகளுக்கும் வெளிப்படையான எச்சரிக்கை விடுப்பதற்கு 2021 செப்டெம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட காலத்தில் எத்தனை நோயாளிகள் 'உங்கள் மனப்பிரமை' என்று திருப்பி அனுப்பப்பட்டிருப்பர் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். 2025இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையங்களின் ஆய்வாளர்கள், இந்நிலைக்கு ஆளானோரின் உயிரணுக்களில் சக்தியை உற்பத்தி செய்யும் பகுதி மிகையாக இயங்குவதை எடுத்துக்காட்டி, இது எக்சிமாவிலிருந்து வேறுபட்டது என வாதிட்டுள்ளனர். ஆய்வுக்குட்பட்டோரின் தொகை சிறியது. மருத்துவ உலகில் விவாதம் முடியவில்லை. ஆனால் நோயாளி சொன்னது பொய்யல்ல என்பதற்கு ஆதாரம் சேர்ந்து வருகின்றது.

அயலிலுள்ள இந்தியாவின் அனுபவம் நமக்கு மிக நெருங்கியது. அங்கே ஸ்டெரொய்ட் களிம்பு நோய்க்கு மட்டுமன்றி முகத்தை வெளுப்பாக்கவும் பூசப்பட்டது. 2011இல் வெளியான பல மருத்துவ நிலையங்களின் கூட்டாய்வொன்றில், முகத்தில் தோல் நோயுடன் வந்த 2926 பேரில் 433 பேர் இக்களிம்புகளைப் பாவித்திருந்தனர். அவர்களில் பெரும்பாலோருக்கு அதனைச் சிபாரிசு செய்தவர் மருத்துவரே அல்லர். இதில் சட்டத்தின் ஓட்டையும் ஒரு பங்கு வகித்தது. மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் அட்டவணையில் ஸ்டெரொய்ட் இருந்தபோதிலும், வெளிப்பூச்சுக்கு விலக்களிக்கப்பட்டிருந்தது. தோல் மருத்துவர் சங்கத்தினர் ஆண்டுக்கணக்கில் குரலெழுப்பிய பின்னரே, 2018 மார்ச்சில் 14 வகை ஸ்டெரொய்ட் பூச்சுகளுக்கு அந்த விலக்கு நீக்கப்பட்டது. அதற்குள் இன்னொரு கேடு வேரூன்றிவிட்டது. பூஞ்சணத்தால் வரும் படைக்கு ஸ்டெரொய்ட் கலந்த களிம்பைப் பூசினால் அரிப்பு அடங்கும், பூஞ்சணமோ உள்ளே பரவும். வழக்கமான மருந்துக்கு அடங்காத படைநோய் இந்தியாவில் பரவியதற்கு இக்கலப்புக் களிம்புகளும் ஒரு காரணமெனத் தோல் மருத்துவர்கள் குற்றஞ்சாட்டுகின்றனர். ஈரமும் வியர்வையும் மிகுந்த நமது கரையோரத்தில் படை எவ்வளவு சாதாரணம் என்பதை எவருக்கும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

நமது நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. பேராசிரியர் சேனக பிபிலேயின் காலத்திலிருந்தே மருந்துக் கொள்கையில் முன்னோடி எனப் பெயர் பெற்ற நாடு இது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையும் அமைக்கப்பட்டது. எனினும் தகைமை பெற்ற மருந்தாளர் முன்னிலையில், மருந்துத் துண்டைப் பார்த்தே இத்தகைய மருந்துகள் வழங்கப்பட வேண்டும் என்ற நியதி பல விற்பனை மேசைகளில் மறக்கப்பட்டுவிடுகின்றது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடும் வைத்தியர்களின் வெளியேற்றமும் இந்நிலையை மேலும் மோசமாக்கின. கிளினிக்கில் மருந்தில்லை என்றானபோது மக்கள் கடையை நாடியதற்கு அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

நாட்டு மருந்துதானே, தீங்கில்லை என்று எண்ணுவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கின்றது. இங்கிலாந்தில் 2003இல் வெளியான ஆய்வொன்றில், குழந்தைகளின் எக்சிமாவுக்கு மூலிகைக் களிம்பு என்று விற்கப்பட்ட 24 மாதிரிகள் பரிசோதிக்கப்பட்டன. அவற்றில் 20இல் ஸ்டெரொய்ட் கலந்திருந்தது. பெயர், உள்ளடக்கம், உற்பத்தியாளர் எதுவும் எழுதப்படாத டப்பாவில் வரும் எந்தக் களிம்பும் இரண்டு நாளில் அதிசயம் காட்டுமாயின், அந்த அதிசயத்தைச் சந்தேகிப்பதே அறிவுடைமை. இது சித்த, ஆயுர்வேத வைத்தியத்தைப் பழிப்பதாகாது. அந்த வைத்தியர்களின் நற்பெயரையும் இத்தகைய கலப்படமே கெடுக்கின்றது.

மறுபுறம், அச்சமும் ஓர் ஆபத்து. வெளிநாட்டிலுள்ள உறவினர் தொலைபேசியில் அனுப்பும் படங்களைப் பார்த்துவிட்டு, கைக்குழந்தைக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்த மென்மையான களிம்பைக்கூடப் பூச மறுக்கும் பெற்றோர் உள்ளனர். கவனிக்கப்படாத எக்சிமா புண்ணாகிச் சீழ்பிடித்தால் அதுவும் பாரதூரமானதே. நீண்டகாலம் வீரியமான களிம்பைப் பூசியவர்கள் தாமாகவே ஒரேநாளில் நிறுத்துவதும் தகாது. பரந்த இடத்தில் பூசப்பட்ட ஸ்டெரொய்ட் உடலினுள்ளும் சேர்ந்து, அட்ரீனல் சுரப்பியின் இயற்கையான உற்பத்தியை அடக்கியிருக்கக் கூடும். குறைப்பதா, நிறுத்துவதா, ஸ்டெரொய்ட் அல்லாத டக்ரோலிமஸ் போன்ற களிம்புக்கு மாறுவதா என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

மீண்டு வரும் காலத்தில் வீட்டிலுள்ளோர் செய்யக் கூடியவை எளியவை, செலவும் குறைந்தவை. குளித்த ஈரம் முழுதாக உலருமுன் வாசனையற்ற வஸ்லின் அல்லது ஈரப்பதமூட்டும் களிம்பைத் தாராளமாகப் பூசுதல், கடும் சவர்க்காரத்தை ஒதுக்குதல், பருத்தி ஆடை, வெட்டிய நகம். கலப்பற்ற தேங்காயெண்ணெய் தோலை ஈரமாக வைப்பதோடு அதன் மேலுள்ள கிருமியையும் குறைப்பதாகப் பிலிப்பைன்ஸில் 2008இல் நடந்த ஆய்வு காட்டியது, நமது முற்றத்திலேயே கிடைக்கும் பொருள். (கன்னியா வெந்நீர்க் கிணறுகள் நம் மாவட்டத்தின் பெருமைதான். எரிகின்ற தோலுக்குச் சூடான நீர் ஆகாது என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவைக்கின்றோம்.) இவற்றையெல்லாம்விட அவசியமானது அயலாரின் பார்வை மாறுவது. உரிந்த தோலுடன் பாடசாலைக்கு வரும் பிள்ளையைத் தொற்றுநோய்க்காரர் போல் ஒதுக்கி உட்காரவைப்பதும், திருமணப் பேச்சில் பெண்ணின் கைகளை உற்றுப்பார்ப்பதும் இன்றும் நடக்கின்றன. எக்சிமா தொற்றுவதில்லை. இதை ஓர் ஆசிரியர் வகுப்பில் எழுந்து நின்று ஒருமுறை சொன்னால் அந்தப் பிள்ளை அடுத்த நாளும் பள்ளிக்கு வரும்.

2025 மே மாதத்தில் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை, தோல் நோய்களைப் பொதுச் சுகாதார முன்னுரிமையாக ஏற்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. அது சாம்பல்தீவு வரை வந்துசேர வேண்டுமாயின் செய்ய வேண்டியவை சிலவே. மாகாண சுகாதாரத் திணைக்களம் மாதத்துக்கு ஒருமுறையேனும் தோல்நோய் வைத்திய நிபுணர் கிராமப்புற வைத்தியசாலைகளுக்கு வருவதற்கு ஒழுங்கு செய்யட்டும். உணவு மருந்துப் பரிசோதகர்கள் மருந்தகங்களின் துண்டுப் பதிவுகளைப் பார்வையிடட்டும். களிம்பின் வீரியத்தையும் பூசக்கூடிய நாட்களையும் ஒவ்வொரு குழாயிலும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடுமாறு அதிகாரசபை உற்பத்தியாளரையும் இறக்குமதியாளரையும் பணிக்கட்டும். பிரித்தானியா இத்தகைய வீரிய அடையாளத்தைப் பொதிகளில் இடும் ஏற்பாட்டை 2024இல் அறிவித்துவிட்டது. அதுவரை, குழாயை மேசைக்கு மேலாக நீட்டுபவரிடம் 'இது ஸ்டெரொய்ட்டா, எத்தனை நாள் பூசலாம்' என்ற இரண்டு கேள்விகளையும் வாங்குபவரே கேட்டாக வேண்டும்.