இறங்காத கண்ணாடி

கார் வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் சுங்கை சிப்புட் மாமா கேட்ட முதல் கேள்வி: "புரோட்டோனா? கண்ணாடி இறங்குமாடா?" கோப்பிக்கடையில் மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஈப்போவுக்குத் திரும்பும் வழியில்தான் உறைத்தது. மாமா கடைசியாகப் புரோட்டோன் ஓட்டியது 2006-இல். அதற்குப் பிறகு அந்தக் காரின் கதவைக்கூட அவர் திறந்ததில்லை.

அந்தக் கெட்ட பெயர் சும்மா வந்ததில்லை, ஒத்துக்கொள்கிறேன். 1983-இல் நிறுவனம், 1985-இல் மிட்சுபிஷி காரை அடிப்படையாகக் கொண்ட சாகா. வெளிநாட்டுக் கார்களுக்குக் கடுமையான வரி. தோட்டங்களை விட்டு நம் சனங்கள் டவுனுக்கு வந்த காலத்தில் பல குடும்பங்களுக்கு முதல் கார் தேசியக் கார்தான். வேறு வழியில்லாமல் வாங்கிய பொருளின் குறை இரண்டு மடங்காக வலிக்கும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கோபத்துக்கும் தேதி உண்டு.

2012-இல் வந்த பிரேவே ஆஸ்திரேலியாவின் ஆன்காப் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2017-இல் சீனாவின் ஜீலி 49.9 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியது. 2018 இறுதியில் எக்ஸ்70 வந்தது. 2020 முதல் அது பேராக்கின் தென்கோடியில், தஞ்சோங் மாலிமில் பொருத்தப்படுகிறது. எஞ்சினும் அடித்தளமும் வேறு. ஜோக் மட்டும் அதே ஜோக்.

ஏன்? நம் சாலைகளில் ஒரு கார் பதினைந்து, இருபது வருடம் ஓடும். இன்று பெங்கலில் நாம் பார்ப்பது அன்றைய பொறியாளர்களின் முடிவுகளை. இன்னொன்றும் உண்டு. பெயர் கெட்ட காருக்கு இரண்டாம் கை விலை விழும். கையில் காசில்லாதவர் அதை வாங்குவார், சர்வீஸைத் தள்ளிப்போடுவார். கார் நடுரோட்டில் நிற்கும். "நான்தான் சொன்னேன்ல" என்பார் மாமா.

நல்ல பெயரும் இப்படித்தான் பிந்தி நடக்கும். டொயோட்டாவின் துணை நிறுவனமான டைஹாட்சு, பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு செய்ததாக 2023-இல் ஒப்புக்கொண்டது. 64 மாடல்கள். டொயோட்டா பெயரில் விற்றவையும் அதில் அடக்கம். மிகப் பழைய முறைகேடு 1989-இல் நடந்தது. முப்பது வருடத்துக்கும் மேலாக 'ஜப்பான் சாமான்' என்ற சொல் அதற்குக் காவல் நின்றிருக்கிறது. எங்கள் மேசையில் அதைப் பற்றி ஒரு ஜோக்கும் வரவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு சூடு? நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்த பொறியாளன். ஒரு நேர்காணலில் என் சான்றிதழைப் பார்த்தவர், "ஓ, லோக்கலா?" என்று சிரித்தார். என் ப்ராஜெக்டை அவர் திறக்கவே இல்லை. கோப்பிக்கடையில் நான் சிரித்ததும் அதே சிரிப்புதான். "மலேசிய எழுத்தா? தோட்டத்துக் கதைதானே?" என்று படிக்காமலே கேட்பவரும் அதைத்தான் சிரிக்கிறார்.

புரோட்டோன் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. புதிய காரிலும் கோளாறு வரும். எந்த மாடல், எந்த வருடம், யார் எவ்வளவு தூரம் ஓட்டிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரின் தீர்ப்புக்குத் தலையாட்டாதீர்கள்.

மாமாவிடமே கேட்டேன். "எல்லாரும் சொல்றாங்கடா" என்றார். அந்த 'எல்லாரும்' கடைசியாக எப்போது ஓட்டினார்கள், மாமா?