குழல் தமிழ், பெயர் மட்டும் அயலா?

துப்பாக்கி என்பது துருக்கி வழி வந்த சொல். துமுக்கி என்றால் நகைப்போர் இன்றும் உளர். வாய்வழி மருந்திடும் நாட்டுத் துமுக்கியைப் பழுது பார்க்கும் கொல்லனின் பட்டறையில் அந்நகைப்பு அடங்கும். குழல், கட்டை, விசை, குதிரை, மருந்து, குண்டு என உறுப்பும் பொருளும் ஆங்குத் தமிழாகவே வழங்கும். மருந்தைக் கொட்டி, நாரிட்டுக் கோலால் இடித்து, குண்டிட்டு அடைக்கும் முறையைச் சொல்ல அயற்சொல் ஒன்றும் வேண்டுவதில்லை.

இத்தொழில் தானே நலிந்ததன்று. 1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 1801-இல் மருது உடன்பிறந்தார் வீழ்ந்தபின், வெள்ளையர் பாளையங்களின் கோட்டைகளை இடித்தனர், படைக்கலங்களைப் பறித்தனர். 1878-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் இந்தியரை உரிமத்தால் கட்டி, வெள்ளையர்க்கு விலக்களித்தது. அதனை நீக்கி வந்ததே 1959-ஆம் ஆண்டுச் சட்டம். இதன்படி வாங்கவும் உரிமம் வேண்டும். விற்கவும் பழுது பார்க்கவும் உரிமம் வேண்டும். குடகர்க்கு வெள்ளையர் காலத்தில் வழங்கிய விலக்கு மட்டும் 2029 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது.

கொல்லும் கருவி கட்டுக்குள் இருத்தல் நன்றே. ஆனால், கருவியைக் கட்டிய சட்டம் கைவினையறிவைப் புதைக்கச் சொல்லவில்லை. முதிய கொல்லர் மறையுமுன் அவர்தம் வாய்மொழியைத் தொகுத்தல் தமிழறிஞர் கடன். அருங்காட்சியகங்களில் உறங்கும் துமுக்கிகளின் உறுப்புதோறும் தமிழ்ப்பெயர் எழுதுதல் அரசின் கடன்.

படைக்கலத்தைப் பறித்தவன் அயலான். சொல்லையும் பறிகொடுத்தால், அப்பழி தமிழனையே சாரும்!