இரண்டு பிறந்த தேதி! கோர்ட்டுக்குப் போன தளபதி

மேல்விஷாரம் தோல் பதனிடும் ஊர். இந்த வட்டாரத்தில் தோலைப் போலவே பெயர் பெற்றது பட்டாளம். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே பெயர். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்!

அந்த வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் ஒரு கட்டுக் காகிதம் இருக்கும். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் உத்தரவு, பள்ளிக்கூட சர்டிபிகேட். ஒன்றில் உள்ள பெயரோ தேதியோ மற்றொன்றில் மாறி இருந்தால்?

சிப்பாய்க்கு மட்டும் வரும் தொல்லை அல்ல இது. தலைமைத் தளபதிக்கே வந்தது!

எந்த வருடம் சரி?

வி.கே.சிங் 2010 மார்ச் 31-ந் தேதி தரைப்படைத் தலைமைத் தளபதி ஆனார். அவருடைய மெட்ரிகுலேஷன் சர்டிபிகேட்டில் பிறந்த தேதி 10-5-1951. ஆனால் 1965-ல் ராணுவப் பயிற்சிக்குப் போட்ட விண்ணப்பத்தில் 10-5-1950. அப்போது அவர் பள்ளிக்கூட மாணவர்.

ராணுவத்தின் ஒரு கிளை 1951 என்று எழுதி வைத்தது. பதவி உயர்வைக் கவனிக்கும் கிளை 1950 என்று எழுதி வைத்தது. 1950 என்றால் 2012 மே மாதம் ஓய்வு. 1951 என்றால் மேலும் பத்து மாதம் பதவி.

1951 என்று திருத்தும்படி அவர் மனுச் செய்தார். சர்க்கார் மறுத்தது. 2012 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். பதவியில் இருக்கும் தலைமைத் தளபதி சர்க்கார் மீது வழக்குப் போட்டது அதுவே முதல் தடவை.

கோர்ட்டு சொன்னது

பிப்ரவரி 10-ந் தேதி நீதிபதிகள் லோதா, கோகலே விசாரித்தார்கள். தளபதியின் நேர்மையை யாரும் சந்தேகிக்கவில்லை. உண்மையில் அவர் எப்போது பிறந்தார் என்பதல்ல கேள்வி; ரிக்கார்டில் எந்தத் தேதி நிற்கும் என்பதே கேள்வி என்றார்கள். 1950-ஐ ஏற்பதாக அவரே முன்பு எழுதிக் கொடுத்திருந்தார். அது அவருக்கு எதிராக நின்றது. வழக்கை வாபஸ் வாங்கினார். மே 31-ந் தேதி ஓய்வு பெற்றார்.

ஏன் இந்தக் கண்டிப்பு? ஓய்வு நெருங்கும்போது ஆளுக்கு ஆள் வயதைக் குறைத்தால், பின்னால் காத்திருப்பவர்களின் கதி என்ன? அதனால்தான் மத்திய சர்க்காரின் சிவில் உத்தியோகஸ்தர்கள், வேலையில் சேர்ந்த ஐந்து வருடத்துக்குள் தேதித் திருத்தம் கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறது.

விதவையின் பெயர்

ஆனால் எல்லாப் பிழையும் ஒன்றல்ல. கணவரின் ரிக்கார்டில் 'பாத்திமா பீ', ஆதார் அட்டையில் 'பாத்திமா பேகம்' என்று வைத்துக் கொள்வோம். இதைத் திருத்தினால் யாருக்கும் நஷ்டம் இல்லை. திருத்தாவிட்டால் குடும்ப பென்ஷன் தடைப்படும். எழுதியது யாரோ ஒரு குமாஸ்தா. அலைவது அந்த அம்மாள்! இத்தகைய பிழைகளில் அதிகாரிகள் இரக்கம் காட்டுவதே நியாயம்.

வழி உண்டு. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ரிக்கார்டு ஆபீசு இருக்கிறது. மதராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. மனு எழுத மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உதவும். அங்கெல்லாம் மறுத்தால் ராணுவத் தீர்ப்பாயம் உண்டு. சென்னையிலும் அதற்கு ஒரு கிளை இருக்கிறது.

ஆனால் கணவர் உயிரோடு இருக்கும்போது அவர் கையெழுத்தால் முடிகிற வேலை, அவர் போன பிறகு பல படி ஏற வைக்கும். டிரங்குப் பெட்டியை இன்றே திறந்து, காகிதங்களை ஒத்துப் பார்ப்பது நல்லது.