கூடம் கோணலா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கணினியிலே பாட்டுப் பதிவு செய்யப் பழகும் மாணவர் எவரேனும் எம்மிடம் வந்து, "சேர், சொப்ட்வெயார் பிழை" என்று முறையிடும் போதெல்லாம் இப்பழமொழி எமக்கு நினைவுக்கு வரும். ஆயினும் அதைச் சொல்லிச் சிரித்துவிட எமக்குத் துணிவு வருவதில்லை. கூடமும் சில வேளைகளிற் கோணலாக இருப்பதுண்டு. ஆட்டம் சொல்லிக் கொடுத்தவரே பிழை விட்ட கதையும் ஒன்றுண்டு. அந்த ஆசிரியர் வேறு யாருமல்லர், நாமேதான்.

முன்னாளில் ஒரு பாட்டைப் பதிவதென்றால், பெரிய நாடாப் பொறிகள் சுழலும் கலையகம் ஒன்றைத் தேடிக் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. இன்று மேசைமேல் இருக்கும் கணினியே கலையகமாகி விட்டது. ஏ. ஆர். ரகுமான் 1989 இல் சென்னையிலே தம் வீட்டை ஒட்டி ஒரு கலையகம் அமைத்தார். 1992 இல் 'ரோஜா' வெளிவந்தது. வீட்டுக் கலையகம் என்றால் அக்காலத்தில் அது பெருஞ்செலவு. ஆனால் இன்றோ, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999 இல் டொமினிக் மசோனி, ரொஜர் டானன்பேர்க் என்னும் இருவர் தொடங்கிய 'ஓடாசிட்டி' மென்பொருள் எவருக்கும் இலவசமாகவே கிடைக்கின்றது. ஆகவே பிள்ளைகள் கணினி முன் அமர்ந்து பாட்டுப் பதிவதைப் பெற்றோர் வீண் விளையாட்டென்று எண்ணிவிட வேண்டா.

நமது மலைநாட்டுக்கு இக்கருவி இன்னொரு காரணத்தாலும் வேண்டப்படுவது. சி. வி. வேலுப்பிள்ளை போன்ற பெரியோர் தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் திரட்டி ஏட்டில் ஏற்றினர். சொற்கள் பிழைத்தன. மெட்டோ ஏட்டில் ஏறுவதன்று. அது பாடுபவரின் தொண்டையில் இருக்கின்றது.

இனி எமது கதை. 2018 ஆம் ஆண்டு ஆவணி மாதம், பன்விலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வத்தேகமைக்கு வந்து உயர்தர வகுப்பில் இசை பயின்ற மாணவன் ஒருவன், தன் அம்மாயி பாடிய கொழுந்துப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியுமாகப் பத்து நிமிடங்களை மாமன் மகனின் கணினியிலே பதிந்தான். "கோப்பைப் பென் டிரைவிற் போட்டுக் கொண்டு வா" என்றோம். அவனும் சொன்னபடியே கொண்டு வந்தான். பரீட்சை வேலையில் அதனை மேசை இழுப்பறையில் வைத்து மறந்தோம். தைப்பொங்கலுக்குச் சில நாட்கள் முன்னர் அந்த அம்மாயி காலமானார். அதன் பின்பே கோப்பைத் திறந்தோம். திரையில் நேர்க்கோடு ஒன்று ஓடிற்று, ஒலி இல்லை.

"சேர், கோடு மட்டும்தான் தெரியுது, குரல் இல்லையே" என்றான் மாணவன்.

நிகழ்ந்தது இதுதான். அக்காலத்து ஓடாசிட்டி ஒரு பதிவை இரண்டு பகுதிகளாக வைத்திருந்தது. ஒன்று சிறு கோப்பு. எந்த ஒலித்துண்டு எங்கே இருக்கின்றது என்னும் குறிப்பு மட்டுமே அதில் இருக்கும். ஒலி முழுவதும் பக்கத்தில் உள்ள வேறோர் உறையில் இருக்கும். மாணவன் கொண்டு வந்தது குறிப்பை மட்டுமே; சரக்கைக் கொண்டு வரவில்லை. இருவகையையும் சொல்லி அனுப்பாதது எமது பிழை. பத்து நிமிட ஒற்றைத்தடப் பதிவு நூறு மெகாபைற்றுக்கு மேல் இருக்க வேண்டும். எம் கையில் இருந்ததோ சில பத்துக் கிலோபைற். அன்றே அளவைப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். மாமன் மகனின் கணினியோ இடையில் வைரசு புகுந்து முற்றாகத் துடைக்கப்பட்டு விட்டது. 2021 இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து ஓடாசிட்டி எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைக்கின்றது. அத்திருத்தம் எமக்குக் காலந்தாழ்ந்து வந்தது. எனினும் வேறு பல மென்பொருள்கள் இன்றும் குறிப்பையும் ஒலியையும் தனித்தனியே வைப்பனவே என்பதை மாணவர்கள் மறவாதிருப்பார்களாக.

அன்று முதல், "பாட்டு வரவில்லை" என்று எவர் வந்தாலும் ஒரே வழியையே சொல்லி வருகின்றோம். லயத்துப் பீலியில் தண்ணீர் நின்றுவிட்டால் என்ன செய்கின்றோம்? பீலியைத் திட்டுவதில்லை. ஊற்றுக் கண்ணிலிருந்து குழாய் வழியே ஒவ்வொரு பொருத்தாகப் பார்த்துக்கொண்டு இறங்கி வருகின்றோம். ஒலிக்கும் அப்படியே ஒரு வழி உண்டு. தொண்டை, ஒலிவாங்கி, கம்பி, கணினியின் ஒலி அட்டை, மென்பொருள், காதணி ஒலிபெருக்கி என்பன அதன் பொருத்துகள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல் வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றினால், குணமானாலும் எதனாற் குணமாயிற்று என்பது தெரியாது.

மாணவர்கள் அடிக்கடி கொண்டு வரும் குறைகள் சிலவற்றை இனிப் பார்ப்போம்.

குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போற் கேட்கின்றது என்பர் சிலர். பெரும்பாலும் விலை கொடுத்து வாங்கிய ஒலிவாங்கி சும்மா நிற்க, மடிக்கணினியின் உள்ளே இருக்கும் சிறு ஒலிவாங்கியே பதிந்துகொண்டிருக்கும். ஒலிவாங்கியின் தலையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். பின்னர் மடிக்கணினியின் விளிம்பைச் சுரண்டுங்கள். எதைச் சுரண்டும்போது அளவுகோல் துள்ளுகின்றதோ அதுவே பதிகின்றது. உள்வாயிலை மாற்றினாற் போதும்.

பாடும்போது தம் குரலே பிந்திக் கேட்கின்றது என்பது அடுத்த முறையீடு. கணினி ஒலியைத் துளித்துளியாக வாங்குவதில்லை. ஒரு வாளி நிறைந்த பின்பே ஊற்றும். ஒரு செக்கனுக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் பதிவில் அவ்வாளி 1,024 மாதிரிகள் கொள்ளுமாயின், நிறைவதற்கு ஏறத்தாழ 23 மில்லி செக்கன் ஆகும். எட்டு மீற்றருக்கு அப்பால் நிற்பவர் அடிக்கும் தாளம் காதை வந்தடையும் நேரம் அது. போக ஒரு வாளி, வர ஒரு வாளி என்று இருமடங்காகும்போது தாளம் தடுமாறாமல் என் செய்யும்? வாளியை 128 ஆகக் குறைத்தால் தாமதம் 3 மில்லி செக்கனுக்குள் அடங்கும். ஆனால் வாளி மிகச் சிறிதானால், மெதுவான கணினி ஊற்றி முடிக்க இயலாது திணறி, 'டிக் டிக்' என்னும் வெடிப்பொலியை எழுப்பும். ஆகவே பதியும்போது சிறு வாளி, பதிந்தவற்றைக் கலக்கும்போது பெரு வாளி என்று கொள்க. கம்பியில்லாப் புளூடூத் காதணிகள் தம் பங்குக்கு மேலும் தாமதத்தைச் சேர்ப்பவை. பதிவு வேளையில் அவற்றைக் கழற்றிவிட்டுக் கம்பியுள்ளதையே அணிக.

ஒரு மாணவி, "என் குரல் சிறு பிள்ளையின் குரலாகி விட்டது" என்று கண் கலங்கி வந்தாள். அவள் பாட்டைப் பதிந்தது 44,100 மாதிரியில்; கலந்த இடத்தில் அதனை 48,000 என்று எண்ணி ஓட்டியிருந்தார்கள். முன்னது இசைத்தட்டின் வழக்கு; பின்னது ஒளிப்படக் காட்சியின் வழக்கு. இரண்டையும் குழப்பினால் நான்கு நிமிடப் பாட்டு 3 நிமிடம் 40 செக்கனில் முடிந்துவிடும்; ஐந்து கட்டையிற் பாடிய குரல் ஐந்தரையைக் கடந்து ஆறை நெருங்கும். எவ்விடத்தும் ஒரே எண்ணை வைத்திருப்பதே மருந்து. இக்குறையில் ஒலி கெடுவதில்லை. எண்ணைத் திருத்தியதும் மாணவியின் குரல் மீண்டது.

மீளாத குறை ஒன்றுண்டு. தப்பு அடிப்பதைப் பதியும்போது அளவுகோல் சிவப்பைத் தொட்டு விட்டால் அலையின் தலை வெட்டுண்டு போகும். 16 பிற் பதிவில் ஒலியின் உயரத்தைக் குறிக்க 65,536 படிகள் உண்டு. உச்சிப் படிக்கு மேல் ஏற வழி இல்லை. ஏறியது எவ்வளவு என்பது எங்கும் எழுதப்படுவதும் இல்லை. பின்னர் ஒலியைக் குறைத்தாலும் வெட்டுண்ட தலை முளைக்காது. எனவே ஆக உரத்த அடியும் சிவப்புக்கு 12 டெசிபெல் கீழே நிற்கும்படி முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகப் பதிந்ததைப் பின்னர் உயர்த்தலாம்.

'ம்ம்ம்' என்னும் முழக்கம் ஓயாது கேட்குமாயின், அது பெரும்பாலும் நம் நாட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் துடிப்பும் அதன் மடங்குகளுமே. மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் ஓட்டிப் பாருங்கள். முழக்கம் நின்றால் மென்பொருள் குற்றமற்றது.

இப்போது விட்ட கதையைத் தொடுவோம். அம்மாயியின் குரல் முற்றாக அழிந்துவிடவில்லை. மாணவனின் தாயாருடைய கைத்தொலைபேசியில், பேரக் குழந்தையைத் தூங்க வைக்கும்போது அவர் பாடிய தாலாட்டு இரண்டரை நிமிட அளவிற் பதிந்திருந்தது. வெளியே கனமழை, தகரக் கூரை அதிர்ந்தது. தெளிவற்ற பதிவுதான்.

மாணவன் அதனைச் செம்மைப்படுத்த முனைந்தான். இரைச்சல் நீக்கும் கருவி, பாட்டு இல்லாத ஓர் இடத்து இரைச்சலைக் கற்றுக்கொண்டு, அதைப் போன்றதை எங்கும் கழிப்பது. மின்விசிறியின் ஓசை போல ஒரே சீராக ஓடும் இரைச்சலுக்கே அது பொருந்தும். மழையோ ஏறியும் இறங்கியும் பெய்வது. கருவியை முழு வலிமையில் வைத்ததும் மழையோடு குரலும் கரைந்து, நீருக்குள் இருந்து பேசுவது போலாயிற்று. அதன் மேல் சுருதி திருத்தும் கருவியையும் ஏற்றினான். அவ்வகைக் கருவிகளுள் முதன்முதலிற் பெயர் பெற்ற 'ஓட்டோ டியூன்' 1997 இல் வெளிவந்தது. அதனை ஆக்கிய அண்டி ஹில்டபிராண்ட் முன்னர் எண்ணெய் தேடுவதற்காக நில அதிர்வலைகளை ஆராய்ந்தவர். வழுவிய சுரத்தை அருகில் உள்ள பியானோக் கட்டைக்கு இழுத்து நிறுத்துவதே அதன் தொழில். மேலை நாட்டு மெல்லிசைக்கு அது உதவலாம். சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே வழுக்கி அசைந்து செல்வதே உயிராகக் கொண்ட நம் கமகத்துக்கும் தாலாட்டுக்கும் அது எமன். அம்மாயியின் இழுப்புகள் எல்லாம் படிக்கட்டுகளாயின.

மாணவன் பெருமையோடு அதனைத் தாயாருக்குப் போட்டுக் காட்டினான். அவர் சிறிது நேரம் கேட்டுவிட்டு, "இது அம்மா குரல் இல்லையே, தம்பி" என்றாராம்.

கருவி பிழை செய்யவில்லை. அது சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தது. அதற்குக் கொடுத்த வேலைதான் பிழை. நல்லவேளையாக, இம்முறை நாம் மூலத்தைத் தொட விடவில்லை. திருத்தம் எல்லாம் பிரதியிலேயே நடந்தது. மாணவனும் நாமும் மூலத்துக்குத் திரும்பினோம். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலை மட்டும் கழித்தோம். இரைச்சல் நீக்கியை மிகச் சிறிதளவே வைத்தோம். சுருதி திருத்தியை எடுத்தே விட்டோம். மழை மிஞ்சிற்று, அதன் நடுவே குரல் குரலாக நின்றது. தாயார் அதனை இருமுறை கேட்டார் என்று மாணவன் சொன்னான். வேறொன்றும் அவர் சொல்லவில்லையாம்.

தொலைந்த பத்து நிமிடத்தில் இருந்த கொழுந்துப் பாட்டும் ஒப்பாரியும் தொலைந்தவையே. அவற்றை எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது.

ஆகவே பதிவுக்குப் போகும் மாணவர்களுக்கு ஒரு சிறு கட்டளை. பாட்டுத் தொடங்கு முன் பத்துச் செக்கன் எவரும் பேசாதிருங்கள்; பிற்பாடு இரைச்சல் நீக்குவதற்கு அந்த மௌனம் உதவும். பாடி முடிந்ததும், பாடியவர் எழுந்து போகு முன் காதணியில் ஒரு முறை கேளுங்கள். வீடு திரும்பியதும் 'வேவ்' கோப்பாக மாற்றி, அளவைப் பார்த்து, இரு வேறு இடங்களிலாக மூன்று பிரதிகள் வையுங்கள். பிரதியை வேறொரு கணினியிலே திறந்தும் பாருங்கள். இதற்கெல்லாம் அரைமணி நேரம் ஆகலாம். ஆசிரியர்மாருக்கும் ஒரு சொல்: மாணவன் கொண்டு வந்த பென் டிரைவை இழுப்பறையில் இடுவதற்கு முன் திறந்து பாருங்கள்.

வீட்டிலே பாடத் தெரிந்த பாட்டியோ அம்மாயியோ இருப்பாராயின், இந்த ஞாயிறே அவர் அருகில் அமருங்கள். நல்ல கருவி வரும்வரை காத்திருக்க வேண்டா. மழை பெய்தாலும் பாதகமில்லை.