ஒரே நாளில் ஒன்பது இடம்: யாரை ஏமாற்ற?

காலேஜ் டூர் டெல்லிக்கு என்று முடிவானதும் ஒரு தாள் வரும், பார்த்திருப்பீர்கள். காலை 9 மணிக்குச் செங்கோட்டை. அப்புறம் ராஜ்காட், இந்தியா கேட், ராஷ்டிரபதி பவன், பிர்லா மந்திர், ஹுமாயூன் கல்லறை, தாமரைக் கோயில், குதுப்மினார், கடைசியாகக் கரோல்பாக்கில் ஷாப்பிங். எல்லாம் ஒரே நாளில்! மறுநாள் விடியற்காலை ஆக்ரா கிளம்பணும்.

இந்தத் தாளைப் போட்டவர் ஒரு தடவையாவது கணக்குப் போட்டுப் பார்த்தாரா? காலை 9 முதல் மாலை 6 வரை 9 மணி நேரம். 9 இடம். ஆக இடத்துக்கு ஒரு மணி நேரம், அதுவும் பஸ் ஓடுகிற நேரத்தையும் சேர்த்து. செங்கோட்டை பழைய டெல்லியில், குதுப்மினார் தெற்குக் கோடியில். இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர், டெல்லி டிராஃபிக் வேறு. ஐம்பது பேர் இறங்கி, செக்யூரிட்டி வரிசையில் நின்று, பாத்ரூம் போனவனைத் தேடிப் பிடித்து... மிஞ்சுவது இருபது நிமிஷம். லாகூர் வாசல் முன்னால் ஒரு குரூப் போட்டோ. அவ்வளவுதான் செங்கோட்டை!

அந்தக் கோட்டை 1638ல் ஆரம்பித்துப் பத்து வருஷம் ஷாஜஹான் கட்டியது. உள்ளே போனால் பெரிய புல்வெளிகள் வரும். "சூப்பர் பார்க்டா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு பிரிட்டிஷார் அரண்மனையில் பெரும்பகுதியை இடித்துத் தள்ளினார்கள், இடித்த இடத்தில் பட்டாளத்துக்குக் கட்டடம் எழுப்பினார்கள். காலியாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். 1945ல் நேதாஜியின் ஐ.என்.ஏ. அதிகாரிகளை விசாரித்ததும் இந்தக் கோட்டைக்குள்தான். அந்தப் படையில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போய்ச் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். தமிழ்நாட்டிலிருந்து இரண்டு ராத்திரி ரயிலில் போகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல அந்தத் தாளில் ஒரு வரி கிடையாது. ஷாப்பிங்குக்கு மட்டும் இடம் இருக்கிறது!

குதுப்மினாரில் எல்லோரும் கேட்கிற கேள்வி: "ஏன் சார் மேலே விட மாட்டேங்கிறாங்க?" 1981 டிசம்பரில் உள்படிக்கட்டில் விளக்கு அணைந்து, நெரிசலில் 45 பேர் செத்தார்கள். பலரும் டூர் வந்த பள்ளிப் பிள்ளைகள். அதற்கப்புறம்தான் கதவைப் பூட்டினார்கள். மாணவர் கூட்டத்தை அவசர அவசரமாக மேய்ப்பவர்கள் இதையாவது ஞாபகம் வைத்திருக்க வேண்டாமா?

"அவ்வளவு தூரம் போய், அவ்வளவு காசு கொடுத்து, எல்லாத்தையும் பார்க்காம வர்றதா?" என்பது எதிர்க்கட்சி வாதம். நியாயமான வாதம்தான், சும்மா தள்ளிவிட முடியாது. வகுப்பில் பாதிப் பேருக்கு இன்னொரு டெல்லிப் பயணம் எப்போது வாய்க்குமோ. வீட்டில் நகையை அடகு வைத்துப் பணம் கட்டியவனும் அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் அவன் பார்த்தது என்ன? ஜன்னல் வழியாக டெல்லி டிராஃபிக்! ஒருமுறைதான் போக முடியும் என்றால் அந்த ஒருமுறை இறங்கி நின்று பார்க்க விடுங்களேன்.

இந்தத் தாள் பெரும்பாலும் போன பேட்ச்சுக்கும் அதற்கு முந்தின பேட்ச்சுக்கும் கொடுத்த ஜெராக்ஸ்தான் (தேதியை மட்டும் ஒயிட்னர் போட்டு மாற்றியிருப்பார்கள், ஹி ஹி). இந்தியா கேட் என்ற இடத்தில் 'அமர் ஜவான் ஜோதி' என்று இன்னும் போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். 2022 ஜனவரியிலேயே அந்த ஜோதியைப் பக்கத்தில் 2019ல் திறந்த தேசியப் போர் நினைவிடத்து ஜோதியோடு சேர்த்துவிட்டார்கள்.

மூன்று இடம் போதும் மக்களே. காலையில் செங்கோட்டை, பொறுமையாக. சாந்தினி சௌக்கில் சாப்பாடு. அங்கேயே மெட்ரோ மஞ்சள் லைனில் ஏறினால் வண்டி மாறாமல் குதுப்மினார் ஸ்டேஷன். மூன்றாவது இடம் எது என்று வகுப்பில் ஓட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட் போடுமுன் கிழமையை மட்டும் பாருங்கள். திங்கட்கிழமை போய் இறங்கினால் செங்கோட்டையும் பூட்டு, தாமரைக் கோயிலும் பூட்டு. வெள்ளிக்கிழமை ஆக்ரா என்றால் தாஜ்மஹாலும் பூட்டு!